வயோலா தனிக்கலைஞர்கள் ஏன் ஆசிரியர்களாகவும் இருக்கிறார்கள்?

வயோலா, வயலினைப் போன்ற, அதைவிடச் சற்றுப் பெரிய தந்திக் கருவி. ஆர்கெஸ்ட்ராவுக்கு முன் நின்று அதைத் தனித்து வாசிப்பவர்தான் தனிக்கலைஞர். அந்தக் கச்சேரிகள் மட்டுமே பிழைப்புக்குப் போதுவது அபூர்வம். காரணம் கருவியிலேயே இருக்கிறது.

வயோலாவின் சுருதி வயலினைவிட ஒரு பஞ்சமம் தாழ்வு. அதற்கு ஏற்ற உடல் நீளம் 53 செ.மீ. வேண்டும். அத்தனை பெரிதைத் தோளில் தாங்கி வாசிக்க முடியாது என்பதால் 40–43 செ.மீ.யில் நிறுத்திவிடுகிறார்கள். விளைவு, கல்யாண மேளத்துக்கு நடுவே தாழ்ந்த குரலில் பேசியதுபோல ஒலி அமுங்குகிறது. இசையமைப்பாளர்களும் தனிப் படைப்புகளைக் குறைவாகவே எழுதினார்கள்.

புகழ்பெற்ற வயோலா தனிக்கலைஞர் வில்லியம் பிரிம்ரோஸே (1904–1982) ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கிடம் கேட்டுத்தான் ஒரு கான்செர்ட்டோ (தனிக்கருவியும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) பெற்றார். பார்டோக் முடிக்காமல் இறந்ததால் வேறொருவர் நிறைவுசெய்து, 1949இல்தான் அது மேடையேறியது. பிரிம்ரோஸும் நால்வர் குழு, ஆர்கெஸ்ட்ரா, பின்பு இந்தியானா பல்கலைக்கழக வகுப்பறை என்றே வாழ்ந்தார்.

வயலின் தெரிந்தவருக்கு வயோலா தானாக வந்துவிடாது: ஆல்ட்டோ கிளெஃப் என்ற, வயலினுக்கு இல்லாத இசைக்குறியீட்டைப் படிக்க வேண்டும், விரல்களை அகல வைக்க வேண்டும், தடித்த தந்தி தாமதமாகப் பேசுவதால் வில்லை மெதுவாக, எடை கொடுத்து இழுக்க வேண்டும். இதையெல்லாம் சொல்லித்தர வயோலா வாசிப்பவரே வேண்டும்; அதனால் தனிக்கலைஞர்கள் ஆசிரியர்களாகவும் இருக்கிறார்கள்.