படம் வரைவது யார்?

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு. வடிவியலில் மட்டும் மார்க் குறைகிறது. தினமும் 20 கணக்கு போட வைக்கிறேன். அவள் வரைந்தால் கோணல்மாணலாகி நேரமும் போகிறது என்று, படங்களை முந்தின ராத்திரியே நான் வரைந்து வைத்துவிடுவேன். வீட்டில் எல்லாம் சரியாகப் போடுபவள் பரீட்சையில் கோட்டை விடுகிறாள். பக்கங்கள் 8 செ.மீ., 6 செ.மீ.; அதில் 8 செ.மீ. பக்கத்துக்கு உயரம் 3 செ.மீ. என்று கொடுத்த இணைகரத்துக்குப் பரப்பளவு 48 என்று எழுதியிருக்கிறாள். குன்னூரில் டியூஷன் சேர்க்கலாமா?
- ஒரு தாய், கோத்தகிரி

பதில்: டியூஷனை அப்புறம் பார்க்கலாம். 'நான் வரைந்து வைத்துவிடுவேன்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் பேசுவோம். கணக்கைப் படித்து, எது பக்கம், எது உயரம், எது எதற்குச் செங்குத்து என்று யோசித்துக் கோடு போட்டால் முக்கால் கணக்கு முடிந்தது. மிச்சம் வெறும் வாய்ப்பாடு. தினமும் 20 கணக்கு போடுவது நீங்கள்தான், அம்மணி.

உங்கள் படங்களைப் பார்க்காமலே சொல்கிறேன். அடிப்பக்கம் கீழே படுத்திருக்கும், உயரம் புள்ளிக்கோடாக நிமிர்ந்து நிற்கும், மூலையில் செங்கோணக் குறியும் இருக்கும். உயரத்தைத் தேடியே பழகாத பெண், பரீட்சையில் கண்ணில் பட்ட இரண்டு பக்கங்களைப் பெருக்கிவிட்டாள். இத்தனைக்கும் மலையில் பிறந்தவள். கல்லாறு தாண்டிக் குன்னூருக்குப் பல்சக்கரத்தில் ஏறும் நம் நீலகிரி மலை ரயில், ஏற்றம் மிக அதிகமான இடத்தில் 12 மீட்டர் நகர்ந்தால் ஏறுவது சுமார் 1 மீட்டர். இணைகரத்தின் சாய்ந்த பக்கம் அந்தத் தண்டவாளம், உயரம் அந்த 1 மீட்டர். தேயிலைக்குள் தினமும் ஏறி இறங்கும் அவள் காலுக்கு இது தெரியும். கைக்குத்தான் தெரிய விடவில்லை.

20 வேண்டாம், மூன்று போதும். கோடு போடாத தாளில் 8 செ.மீ., 6 செ.மீ. பக்கங்களுக்கு நடுவே கோணமானியால் 30 டிகிரி வைத்து அவளே இணைகரம் வரையட்டும். மூலைமட்டத்தை வைத்து 8 செ.மீ. பக்கத்துக்கு உயரம் இறக்கி அளந்தால் 3 வரும். பிறகு தாளைத் திருப்பி, 6 செ.மீ. பக்கத்தை அடியாக வைத்து உயரம் இறக்கச் சொல்லுங்கள். அந்தக் கோடு பக்கத்தின்மேல் விழாது, பக்கத்தை நீட்ட வேண்டியிருக்கும். இங்கேதான் விழிப்பாள். விழிக்கட்டும், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். நீட்டி அளந்தால் 4. எட்டு மூணு 24, ஆறு நாலு 24. அளவு 3.7 என்று வந்தால் கோடு கோணல். அழித்துவிட்டு அவளே மறுபடி வரைய வேண்டும்.

பிள்ளைக்கு ஊட்டிவிடவும் ஒரு வயசு உண்டு. ராத்திரி கண்விழித்து வரைவதைத் தியாகம் என்று நினைக்கிறீர்கள் போல. என் கணக்கில் அது பிள்ளையின் வேலையைப் பறிப்பது. அப்படி மிச்சமாகும் நேரத்தில் அவள் என்ன செய்கிறாள் என்றும் எழுதவில்லை. சாப்பிட்ட தட்டை அவள்தான் கழுவுகிறாளா என்பதே எனக்குச் சந்தேகம். பக்கத்தில் உட்காருங்கள், அதுதான் பெற்றவர் வேலை. அப்பாவும் உட்காரலாம். கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

டியூஷன் வேண்டாம். குன்னூர் பஸ் காசில் அவளுக்கென்று ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கிக் கொடுங்கள். வீட்டில் இப்போது இருப்பது உங்களுடையது.