நாய்க்கு தினமும் புரோபயாட்டிக் கொடுத்தால் அரிப்பு நிற்குமா?

கேள்வி: எங்கள் லேப்ரடாருக்கு மூன்று வயது. ஒரு வருடமாகப் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிறான். காது, அக்குள், வயிறு எல்லாம் சொறிகிறான். டாக்டர் கொடுத்த மாத்திரை சாப்பிடும்வரை நன்றாக இருக்கிறான். நிறுத்தினால் கொஞ்ச நாளில் பழையபடி ஆகிவிடுகிறது. தினமும் புரோபயாட்டிக் பவுடர் கொடுத்தால் சரியாகிவிடும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். விலையைப் பார்த்துவிட்டு இப்போதைக்குத் தயிர்சாதம் தருகிறோம். இது போதுமா? தினமும் கொடுக்கலாமா?

பதில்: புரோபயாட்டிக்கை, அதாவது குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள பாக்டீரியாவை, தினமும் கொடுக்கலாம். மற்றபடி ஆரோக்கியமாக இருக்கிற நாய்க்கு அதனால் கெடுதல் வருவது அபூர்வம். ஆனால் அரிப்புக்கு அதுதான் மருந்து என்று நம்பி மாதாமாதம் பணம் போடுவதாக இருந்தால், கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பணத்துக்கு முதலில் வேறு வேலை இருக்கிறது.

நாய் சொறிவதற்கு அலர்ஜி மட்டும் காரணம் இல்லை. தெள்ளுப்பூச்சி, உண்ணி, கண்ணுக்குத் தெரியாத சொறிப்பூச்சிகள், தோலில் வளரும் ஈஸ்ட், பாக்டீரியா என்று ஒரு வரிசையே உண்டு. பல நாய்களுக்கு இதில் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும். நீங்கள் சொல்கிற மாத்திரை பிரெட்னிசலோன் மாதிரி ஸ்டீராய்டாக இருக்கலாம். அட்டையைப் பாருங்கள். ஸ்டீராய்டு பல காரணங்களால் வரும் அரிப்பையும் தற்காலிகமாக அடக்கிவிடும். அதனால் "மாத்திரை கேட்கிறது, அப்படியானால் அலர்ஜிதான்" என்று முடிவு கட்ட முடியாது. மாத்திரை சாப்பிடும் நாட்களில் தண்ணீர் அதிகம் குடிக்கிறானா, அடிக்கடி சிறுநீர் போகிறானா, பசி கூடியிருக்கிறதா என்று கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள். பல நாட்களாகக் கொடுத்து வந்த ஸ்டீராய்டை நீங்களாகவே சட்டென்று நிறுத்தவும் கூடாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை சொல்கிறேன். வெள்ளை டிஷ்யூ பேப்பர் ஒன்றை நனைத்துத் தரையில் விரியுங்கள். நாயை அதன்மேல் நிற்க வைத்து, இடுப்பிலும் வால் தொடங்கும் இடத்திலும் முடியை எதிர்த்திசையில் நன்றாகச் சீவுங்கள். மிளகுத்தூள் போலக் கறுப்புப் பொடி விழுகிறதா? இரண்டு நிமிடம் விட்டுப் பாருங்கள். பொடியைச் சுற்றி செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளுப்பூச்சியின் கழிவு. அந்த நிறம் உங்கள் நாயின் செரித்த ரத்தம். கசியாவிட்டால் வெறும் மண். ஒன்றும் விழவில்லை என்பதால் தெள்ளுப்பூச்சியே இல்லை என்றும் ஆகாது. நக்கி நக்கி நாயே அதை விழுங்கிவிடும். அலர்ஜி உள்ள நாய்க்குச் சில கடிகளே போதும்.

எந்த இடத்தில் சொறிகிறது என்பதும் துப்புக் கொடுக்கும். இடுப்பும் வாலடியும் என்றால் தெள்ளுப்பூச்சி. காது ஓரம், முழங்கை எல்லாம் முடி கொட்டி, வீட்டில் உள்ளவர்களுக்கும் சிவப்புப் புள்ளியும் அரிப்பும் இருந்தால் சொறிப்பூச்சியைச் சந்தேகிக்க வேண்டும். பாதம், காது, அக்குள், வயிறு என்று நீங்கள் எழுதியிருப்பது அட்டோபி எனப்படும் சூழல் அலர்ஜிக்கும் பொருந்தும், உணவு அலர்ஜிக்கும் பொருந்தும். அட்டோபி பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் தலைகாட்டும். லேப்ரடார், பக், ஷிட்ஸு, ஜெர்மன் ஷெப்பர்டு இனங்களில் இது அதிகம். வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சிகள் முக்கியமான காரணம்.

சரி, புரோபயாட்டிக் விஷயத்துக்கு வருவோம். உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களில் பெரும்பங்கு குடலைச் சுற்றித்தான் இருக்கிறது. அங்கே வாழும் நுண்ணுயிர்களை மாற்றினால் அலர்ஜியின் வேகம் குறையுமா என்பது நியாயமான கேள்விதான். அட்டோபி வரும் பரம்பரையில் பிறந்த பீகிள் இன நாய்க்குட்டிகளுக்கு லாக்டோபாசிலஸ் ராம்னோசஸ் என்ற பாக்டீரியாவைக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் அலர்ஜியோடு தொடர்புள்ள ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதம் குறைந்தது. வெளியே தெரிகிற சிவப்பிலும் அரிப்பிலும் அந்த அளவுக்கு வித்தியாசம் வரவில்லை. வேறு சில சிறிய ஆய்வுகளில் கொஞ்சம் பலன் தெரிந்திருக்கிறது. அதாவது இது துணை மருந்து. பேதிக்கும், ஆன்டிபயாட்டிக் சாப்பிடும்போது வரும் வயிற்றுக் கோளாறுக்கும் இதற்கு இருக்கிற பெயர் தோல் விஷயத்தில் இன்னும் கிடைக்கவில்லை.

தயிர்சாதத்தைப் பற்றி நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். வீட்டுத் தயிரில் உயிருள்ள பாக்டீரியா உண்டு. ஆனால் எந்த வகை, எவ்வளவு என்று சொல்ல முடியாது. இன்றைய தயிருக்கும் நாளைய தயிருக்குமே வேறுபாடு இருக்கும். அதைவிட முக்கியமாக, தயிரில் பால் புரதம் அப்படியே இருக்கிறது. நாய்களுக்கு உணவு அலர்ஜி தருவதில் மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி, கோதுமை இவைதான் முன்வரிசை. நம் வீடுகளில் நாய்க்கு என்ன போடுகிறோம்? கோழி கலந்த சோறு, தயிர்சாதம், நடுவில் மாரி பிஸ்கட். அலர்ஜி தரக்கூடியவற்றில் மூன்றைத் தினமும் ஊட்டிவிட்டு மேலே ஒரு ஸ்பூன் புரோபயாட்டிக் தூவினால் எப்படிச் சரியாகும்? வயிறு நன்றாக இருக்கிற நாய்க்குத் தயிர்சாதம் தப்பே இல்லை. அரிக்கிற நாய்க்கு, காரணம் தெரியும்வரை நிறுத்திவையுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் டாக்டரிடம் தோல் சுரண்டல் சோதனையும், பாதத்திலும் காதிலும் ஒற்றியெடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் சோதனையும் கேட்பேன். பெரிய செலவில்லை. சென்னை வேப்பேரி, நாமக்கல் போன்ற கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் பார்க்கலாம். பாத முடி துரு நிறமாகி, விரலிடுக்கில் புளித்த வாடை வந்தால் ஈஸ்ட் இருக்க வாய்ப்பு அதிகம். மழைக்காலத்தில் இது கூடும். அதற்கு குளோர்ஹெக்ஸிடின், மைகோனசோல் சேர்ந்த ஷாம்பு நன்றாக வேலை செய்யும், நுரை தோலில் பத்து நிமிடம் இருந்தால். நுரைத்த கையோடு தண்ணீர் ஊற்றிவிட்டால் பிரயோஜனம் இல்லை.

அப்புறம் தெள்ளுப்பூச்சி, உண்ணி மருந்து. ஃப்ளூரலானர், அஃபோக்ஸோலானர் வகை மெல்லும் மாத்திரைகள் பெரும்பாலான சொறிப்பூச்சிகளையும் சேர்த்தே பார்த்துக்கொள்ளும். நாய்க்கு வலிப்பு வந்திருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வீட்டில் இருக்கிற எல்லா நாய், பூனைக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும், ஆனால் ஒரே மருந்தை அல்ல: பெர்மெத்ரின் உள்ள நாய் மருந்து பூனையைக் கொன்றுவிடும். தெள்ளுப்பூச்சியின் முட்டையும் புழுவும் நாய்மேல் இருப்பதைவிடப் படுக்கையிலும் தரை இடுக்கிலும்தான் அதிகம், அதனால் படுக்கைத் துணியை வெந்நீரில் அலசுங்கள். ஊரில் சிலர் சொறிக்குப் பழைய என்ஜின் ஆயில் தடவச் சொல்வார்கள். தோலும் வேகும், நக்கினால் குடலும் வேகும், வேண்டவே வேண்டாம்.

இதெல்லாம் செய்தும் அரிப்பு நின்றபாடில்லை என்றால் உணவுச் சோதனை. இதுவரை சாப்பிட்டிராத ஒரு புரதமும் ஒரு மாவுப்பொருளும் மட்டும், எட்டு வாரம். முன்பு மீன் கொடுத்ததில்லை என்றால் முள் நீக்கி வேகவைத்த மீனும் உருளைக்கிழங்கும். இல்லாவிட்டால் டாக்டர் எழுதித்தரும் ஹைட்ரோலைஸ்டு உணவு, அதாவது புரதத்தை மிகச் சிறு துண்டுகளாக உடைத்துத் தயாரித்த உணவு. தாத்தா ரகசியமாகப் போடும் ஒரு பிஸ்கட்டில் எட்டு வாரமும் வீணாகும், பெரும்பாலான வீடுகளில் சோதனை தோற்பது அங்கேதான். குறைந்தால், பழைய உணவை மறுபடி கொடுத்துப் பாருங்கள். இரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்பினால் அதுதான் காரணம். குறையவில்லை என்றால் அட்டோபி. அது குணமாகிற நோய் இல்லை, கட்டுப்படுத்துகிற நோய். அரிப்பை அடக்கும் ஒக்லாசிட்டினிப் மாத்திரை, ஷாம்பு, மீன் எண்ணெய் எல்லாம் அதில் வரும். மீன் எண்ணெய்க்கு இரண்டு மூன்று மாதமாவது அவகாசம் கொடுக்க வேண்டும்.

புரோபயாட்டிக்கை இந்தக் கட்டத்தில் சேர்க்கலாம். நாய்களுக்கென்றே தயாரித்ததாக, பாக்டீரியாவின் முழுப்பெயரும் எண்ணிக்கையும் காலாவதி தேதியும் அச்சிட்டிருப்பதாகப் பாருங்கள். சில பவுடர்களில் சுவைக்காகக் கோழி ஈரல் இருக்கும். உணவுச் சோதனை நடக்கும்போது அது ஆகாது. மனிதர்களுக்கான கம்மிகள் கூடவே கூடாது. சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்திருந்தால் நாயின் ரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கும். முதல் சில நாள் பாதி அளவு கொடுங்கள், வாயுவோ இளக்கமோ வந்தால் குறையுங்கள். சூடான சோற்றில் கலந்தால் பாக்டீரியா செத்துவிடும், ஆறிய பிறகே கலக்க வேண்டும். ஆன்டிபயாட்டிக் ஓடினால் இரண்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள். கீமோதெரபியில் இருக்கும் நாய்க்கும், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடும் நாய்க்கும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

கொடுக்க ஆரம்பித்த பிறகு இரண்டு மூன்று மாதம் வேறு எதையும் மாற்றாதீர்கள். வாரம் ஒருமுறை அரிப்புக்குப் பத்துக்கு இத்தனை என்று காலண்டரில் மதிப்பெண் போடுங்கள். எண் இறங்கினால் தொடருங்கள். இறங்காவிட்டால் அடுத்த டப்பா வாங்க வேண்டாம்.

இடையில் தோலில் சீழ்க்கொப்புளம் கிளம்பினாலோ, ஒரே இரவில் ஈரப்புண்ணாகி நாற்றம் அடித்தாலோ, காதைத் தொடவிடாமல் கத்தினாலோ எதற்கும் காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் கொண்டுபோங்கள். முகம் திடீரென்று வீங்கினால் உடனே.