டெபிட், கிரெடிட்: அது யாருடைய பக்கம்?

கேள்வி: சிறு தொழில் நடத்துகிறேன். கணக்கும் நானே எழுதுகிறேன். வாடிக்கையாளர் பணம் செலுத்தினால் வங்கி அறிக்கையில் 'கிரெடிட்' என்று வருகிறது. என் பேரேட்டில் அதே தொகையை வங்கிக் கணக்கில் டெபிட் செய்யச் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டும் சரி. லத்தீனில் 'தேபெத்' என்றால் 'அவர் கடன்பட்டிருக்கிறார்', 'கிரேதித்' என்றால் 'அவர் நம்புகிறார்' அல்லது 'நம்பி ஒப்படைக்கிறார்'. கிறிஸ்தவர்களின் விசுவாச அறிக்கையை 'கிரேதோ' என்பதும் இதே வேர்தான். ஆக, இவை கூட்டல் கழித்தல் குறிகள் அல்ல. இருவருக்கு இடையே யார் தர வேண்டியவர், யார் நம்பிக் கொடுத்தவர் என்று சொல்பவை. பழைய பேரேடுகளில் வரும் 'டி.ஆர்.' கூட டெப்டர், அதாவது கடனாளி என்பதன் சுருக்கம்தான். டெபிட்டில் ஆர் எங்கே இருக்கிறது என்று பலர் தேடுவார்கள்.

இப்போது உங்கள் விஷயம். உங்கள் புத்தகத்தில் வங்கிக்கு ஒரு பக்கம் இருக்கிறது. பணம் வங்கியிடம் போனதும் அது உங்களுக்குக் கடன்பட்டது, எனவே டெபிட். வங்கியின் புத்தகத்தில் உங்களுக்கு ஒரு பக்கம். அங்கே நீங்கள் நம்பிக் கொடுத்தவர், எனவே கிரெடிட். அறிக்கையாக உங்களுக்கு வருவது அந்தப் பக்கத்தின் நகல்.

தமிழில் பற்று, வரவு என்கிறோம். வரவு என்றதும் 'எனக்கு வந்தது' என்று எடுத்துக்கொள்வதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பக்கத்துக்கு உரியவர் பெற்றுக்கொண்டது பற்று, அவரிடமிருந்து வந்தது வரவு. இப்படிப் படித்தால் தமிழ்ச் சொற்கள் லத்தீனைவிடத் தெளிவாக இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

ஒவ்வொரு வரவுசெலவையும் ஒரு கணக்கில் டெபிட், இன்னொன்றில் கிரெடிட் என்று எழுதுவதுதான் இரட்டைப் பதிவு முறை. 1494இல் வெனிஸில் அச்சான, இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பச்சோலியின் நூல்தான் இம்முறையை விளக்கி முதலில் அச்சேறியது. இத்தாலியர்கள் இன்றும் டெபிட், கிரெடிட் பக்கங்களை 'கொடுக்க', 'பெற' என்று பொருள்படும் சொற்களால்தான் குறிக்கிறார்கள்.

வாடகை, தேய்மானம் போன்றவற்றில் கடன்பட்ட ஆள் என்று யாரும் இல்லை. அங்கே சொற்பொருளை இழுக்காதீர்கள். செலவு கூடினால் டெபிட், அதாவது இடப்பக்கம், அவ்வளவுதான்.

அப்புறம், ஓவர்டிராஃப்டில், அதாவது கணக்கில் இருப்பதைவிட அதிகமாக எடுக்கும் நிலையில், இறங்கினால் எல்லாம் தலைகீழாகும். உங்கள் பேரேட்டில் வங்கிக்கு கிரெடிட் மீதி, வங்கி அறிக்கையில் உங்களுக்கு டெபிட் மீதி. இப்போது தர வேண்டியவர் நீங்கள்.