கூலிப்படையும் குட்டித் தீவுகளும்: கேள்வி பதில்

கேள்வி: 1988-இல் மாலத்தீவைப் பிடிக்க ஏறத்தாழ 80 பேர் போதும் என்று கூலிப்படையினர் நினைத்தார்களே, அது அசட்டுத் துணிச்சல்தானே?

பதில்: இல்லை, கணக்குப் போட்டுத்தான் போனார்கள். அன்று அந்த நாட்டிடம் இருந்தது ஒரு சிறிய பாதுகாப்புப் படை மட்டும். ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டமிட்டவர் அப்துல்லா லுத்துஃபி என்ற மாலத்தீவுத் தொழிலதிபர். ஆள் கொடுத்தது இலங்கையின் புளொட் என்ற ஆயுதமேந்திய தமிழ் இயக்கம். நவம்பர் 3 விடியற்காலையில் தலைநகர் மாலேயில் இறங்கினார்கள். கோட்டை விட்டது இரண்டு விஷயத்தில். அதிபர் கயூம் அவர்கள் கையில் சிக்கவில்லை. இடம் மாறி மாறி ஒளிந்துகொண்டே வெளிநாடுகளிடம் உதவி கேட்டார். அடுத்தது விமான நிலையம். அது மாலேயில் இல்லை, பக்கத்து ஹுல்ஹுலே தீவில் இருக்கிறது. அதைக் கைப்பற்றி வைக்கவில்லை. அன்று இரவே ஆக்ராவிலிருந்து 2,000 கி.மீ.க்கு மேல் பறந்துவந்த ஐ.எல்.-76 விமானங்கள் இந்திய பாராசூட் படையினரோடு அங்கேயே தரையிறங்கின. ஓடுபாதையின் குறுக்கே நாலு வண்டியை நிறுத்தியிருந்தாலே தரையிறங்குவது சிக்கலாகியிருக்கும் என்று எந்தப் படைத் தளபதியும் சொல்வார். சின்னத் தீவின் பாதுகாப்பு என்பது உதவி வந்து சேரும்வரை தாக்குப்பிடிப்பதுதான். அதனால் நான் முதலில் பார்ப்பது எத்தனை துப்பாக்கி என்பதை அல்ல, ஓடுபாதை யார் கையில் என்பதை.

கேள்வி: வந்தவர்கள் என்ன ஆனார்கள்?

பதில்: ‘புரோகிரஸ் லைட்’ என்ற சரக்குக் கப்பலைப் பிடித்து, பிணைக்கைதிகளோடு இலங்கைப் பக்கம் ஓடினார்கள். இந்தியக் கடற்படைக் கப்பல்களான ஐ.என்.எஸ். கோதாவரியும் பெத்வாவும் நடுக்கடலில் மடக்கிவிட்டன.

கேள்வி: செஷல்ஸ் தீவு நாட்டில் ஆட்சியைக் கவிழ்க்கப் போன கூலிப்படையினர் விமான நிலையத்திலேயே மாட்டிக்கொண்டார்களாமே, உண்மையா?

பதில்: உண்மைதான், சினிமாவில் வைத்தால் நம்பமாட்டோம். 1981 நவம்பர் 25. கூலிப்படைத் தலைவர் மைக் ஹோரின் ஆட்கள் பீர் குடிப்போர் சங்கத்தின் சுற்றுலாக் குழு என்று வேஷம் கட்டிக்கொண்டு பயணிகள் விமானத்தில் வந்து இறங்கினார்கள். பையில் மேலே ஏழைக் குழந்தைகளுக்கான பொம்மைகள், அடியில் போலித் தட்டுக்குக் கீழே ஏ.கே. துப்பாக்கி. பெரும்பாலானவர்கள் சுங்கத்தைத் தாண்டிவிட்டார்கள். ஒருவருடைய பையை அதிகாரி கிளறியதில் துப்பாக்கி வெளியே வந்துவிட்டது. அப்புறம் அங்கேயே சண்டை. நடுவில் வந்து இறங்கிய ஏர் இந்தியா விமானத்தைக் கடத்தி டர்பனுக்குத் தப்பினார்கள். பிறகு ஹோர் தென்னாப்பிரிக்காவில் சிறைக்குப் போனதுகூட விமானக் கடத்தலுக்காகத்தான். ஒரு நாட்டைக் காப்பாற்றியது சுங்க அதிகாரியின் கை என்றால் மிகையில்லை.

கேள்வி: காசு கொடுத்து வைத்த படை, வைத்தவருக்காவது விசுவாசமாக இருக்குமா?

பதில்: கொமொரோஸ் தீவு நாட்டைப் பாருங்கள். பிரெஞ்சுக் கூலிப்படைத் தலைவர் பாப் டெனார் 1975-இல் ஆட்சியைப் பிடித்த அலி சொய்லி பக்கம் நின்றார். 1978-இல் சுமார் 50 பேரோடு படகில் வந்து அதே சொய்லியைக் கவிழ்த்து, அகமது அப்துல்லாவை அதிபராக்கினார். அதன்பின் அதிபரின் மெய்க்காவல் படையே டெனாரின் ஆட்கள் கையில். 1989-இல் அப்துல்லா தன் மாளிகையிலேயே சுடப்பட்டு இறந்தார். டெனார் தான் சுடவில்லை என்றார்; பிரெஞ்சு நீதிமன்றமும் அவரை விடுவித்தது. சரி, யார் சுட்டிருந்தாலும், காவலுக்கு வைத்த படை இருந்த வீட்டில்தான் அது நடந்தது. 1995-இல் மனிதர் மறுபடி வந்தார். பிரான்ஸ் படை அனுப்பி அவரைப் பிடித்தது.

கேள்வி: அர்ஜென்டினா உரிமை கோரும் ஃபாக்லாந்து தீவுகளில் பிரிட்டன் இன்னும் ஐந்நூறு வீரர்களை வைத்திருந்தால் 1982 போர் வந்திருக்காதா?

பதில்: எண்ணிக்கையைவிட, அங்கே நின்ற ரோந்துக் கப்பல் என்டூரன்ஸைத் திரும்பப் பெறப்போவதாக அறிவித்ததுதான் தவறு என்பது என் எண்ணம். “இவர்களுக்கு அக்கறை இல்லை” என்று எதிராளியான அர்ஜென்டினா புரிந்துகொண்டது. 74 நாள் போரில் அர்ஜென்டினா தரப்பில் 649 பேரும் பிரிட்டன் தரப்பில் 255 பேரும் இறந்தார்கள். போருக்குப் பின் பிரிட்டன் அந்தத் தீவின் மவுண்ட் பிளெசன்டில் பெரிய விமானங்கள் இறங்கும் ஓடுபாதை போட்டு 1985-இல் திறந்தது. மறுபடியும் ஓடுபாதை, பார்த்தீர்களா!

கேள்வி: சொந்தப் படையால் முடியாதபோது தனியார் நிறுவனத்தை அமர்த்துவதில் என்ன தப்பு?

பதில்: சொந்தப் படை சும்மா இருக்காது என்பதுதான். 1997-இல் பப்புவா நியூ கினியா, தன் போகன்வில் தீவில் நடந்த கிளர்ச்சியை அடக்க சாண்ட்லைன் என்ற தனியார் படை நிறுவனத்துக்கு 3.6 கோடி டாலர் பேசியது. தன் வீரர்கள் வசதியின்றித் தவிக்கும்போது வெளியாட்களுக்கு இத்தனை பணமா என்று ராணுவத் தளபதி ஜெர்ரி சிங்கிரோக்கே அந்த ஆட்களைப் பிடித்து வைத்தார். மக்கள் தெருவில் இறங்கினார்கள். பிரதமர் ஜூலியஸ் சான் பதவியிலிருந்து ஒதுங்க வேண்டியதாயிற்று.

கேள்வி: படையே இல்லாத நாடு?

பதில்: கோஸ்டா ரிகா 1948-இல் ராணுவத்தைக் கலைத்தது. 1955-இல் நிகரகுவா பக்கமிருந்து ஆயுதக் குழு நுழைந்தபோது அமெரிக்க நாடுகளின் அமைப்பிடம் முறையிட்டது. அமெரிக்கா நான்கு மஸ்டாங் போர் விமானங்களை அதற்கு விற்றது, ஒன்று ஒரு டாலர் விலையில்.