டர்போ வந்த பிறகும், நிமிடத்துக்கு 9,000 சுற்றுவரை போகும் டர்போ இல்லாத ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜின்களை ஏன் கொண்டாடுகிறார்கள்?

சிறிய டர்போ இன்ஜினே 2,000 சுற்றில் முழு இழுவிசையையும் (டார்க்) தந்துவிடும்போது 9,000 வரை விரட்டுவானேன் என்று கேட்டிருக்கிறீர்கள். டர்போ இல்லாவிட்டால் வலது காலுக்கும் இன்ஜினுக்கும் நடுவே யாரும் குறுக்கே நிற்பதில்லை என்பதுதான் என் பதில்.

டர்போவில், வெளியேறும் புகை முதலில் விசிறியைச் சுழற்ற வேண்டும். அது காற்றை அழுத்தித் தள்ளிய பிறகே பலம் கிடைக்கும். இன்று இந்தத் தாமதம் மிகவும் குறைந்துவிட்டது, முற்றிலும் மறையவில்லை. டர்போ இல்லாத இன்ஜினோ மிதித்த கணத்தில், மிதித்த அளவுக்குப் பதில் தருகிறது. வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரை இம்மியளவு தளர்த்தினாலும் அது கேட்டுக்கொள்ளும்.

ஆனால் காற்றை அழுத்தித் தர ஆளில்லாததால் அதன் இழுவிசைக்கு ஓர் எல்லை உண்டு. லிட்டருக்கு ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் எடுத்தாலே நல்ல இன்ஜின். அதற்கு மேல் திறன் வேண்டுமென்றால் சுற்றைத்தான் கூட்ட வேண்டும். 1999-இல் வந்த ஹோண்டா எஸ்2000 அப்படிச் செய்யப்பட்டது. வெறும் 2 லிட்டர். ஜப்பானில் விற்ற காரில் 8,300 சுற்றில் 250 குதிரைத்திறன். 9,000 சுற்றில் அதன் பிஸ்டன் ஒவ்வொன்றும் நொடிக்கு 150 முறை இறங்கி ஏறுகிறது, சராசரியாக நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில்! ஒவ்வொரு முனையிலும் நின்று திரும்பவும் வேண்டும். இதைத் தாங்கும் உலோகத்தையும் வால்வு ஸ்பிரிங்கையும் செய்தவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்க்கும்.

லெக்சஸ் எல்எஃப்ஏவின் வி10 இன்ஜின் ஐட்லிங்கிலிருந்து 0.6 நொடியில் 9,000 சுற்றைத் தொட்டுவிடும். சாதாரண முள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது என்று திரையில் தெரியும் மீட்டரை வைத்தார்கள்.

நான் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரன். இந்தக் கார்களை இங்கே எங்கே பார்ப்பது? எங்களுக்குக் கிடைத்தது பழைய ஹோண்டா சிட்டி 1.5 விடெக், 106 குதிரைத்திறன். அண்ணன் அதைப் போத்துண்டி அணை தாண்டி நெல்லியாம்பதி மலைமேல் ஏற்றுவார். விடெக் என்பது வால்வு திறக்கும் விதத்தை மாற்றும் ஹோண்டாவின் அமைப்பு. கீழ்ச்சுற்றில் சாதுவான கேம் (வால்வைத் தள்ளும் மேடு) வால்வைத் திறக்கும். சுற்று ஏறியதும் ஆயில் அழுத்தத்தில் ஓர் உலோக முளை பூட்டிக்கொள்ள, உயரமான கேம் பொறுப்பேற்கும். ஒலியே மாறிவிடும். அதே ஏற்றத்தில் டர்போ டீசல் கார் சிரமமின்றிப் போகும் என்பது உண்மைதான். நான்கு பேரோடு போக நானும் அதையே எடுப்பேன். தனியாகப் போனால் சிட்டிதான்.

அந்த ஒலியை நேரில் கேட்க வேண்டுமானால், வேலந்தாவளம் சோதனைச்சாவடி தாண்டிச் கோவை அருகே செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்துக்குப் பந்தய நாளில் போங்கள். எல்ஜிபி ஃபார்முலா 4 என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களில் ஓடுவது டர்போ இல்லாத மாருதி சுஸுகியின் 1.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின்தான். பழைய சிட்டி வாங்கும் எண்ணமிருந்தால் டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று முதலில் கேளுங்கள். ஆயில் அளவையும் பார்த்துவிடுங்கள். ஆயில் அழுத்தம் குறைந்தால் விடெக் வேலை செய்யாது.