விழுந்தது எங்கே என்பது இருக்கட்டும், எப்போது?

கேள்வி: மாமியாருக்கு 76 வயது. இரண்டு மாதத்தில் இரண்டு முறை பாத்ரூம் வாசலில் விழுந்துவிட்டார். இரண்டுமே விடியற்காலையில். வழுக்காத மிதியடி வாங்கிப் போட்டும் பயம் போகவில்லை. - வாசகி, கும்பகோணம்

பதில்: "விடியற்காலை" என்று எழுதினீர்களே, அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். படுத்திருந்தவர் சட்டென்று எழும்போது ரத்தம் காலுக்கு இறங்கும். வயதானவர்களுக்கு உடம்பு அதைச் சரிக்கட்டச் சற்று நேரம் எடுக்கும். பிரஷர் மாத்திரையோ தூக்க மாத்திரையோ சாப்பிட்டால் இன்னும் தாமதம். கட்டிலில் ஒன்றும் தெரியாது. நாலு எட்டு வைத்து வாசலுக்குப் போகும்போதுதான் கண் இருட்டும்.

வீட்டில் பிரஷர் மெஷின் இருந்தால் பார்த்துவிடலாம். ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒரு முறை, நிற்கவைத்து 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் ஒவ்வொரு முறை. பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளும் தூரத்தில் நிற்க வேண்டும். படுத்திருந்தபோது இருந்ததைவிட மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், அதை எழுதிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுந்ததும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, குதிகாலைப் பத்துப் பதினைந்து தடவை தூக்கி இறக்கி, ஒரு நிமிடம் கழித்து நிற்கச் சொல்லுங்கள். உட்காரும்போது பாதம் முழுதாகத் தரையில் படும் உயரத்தில் கட்டில் இருக்க வேண்டும்.

இனி வாசலுக்கு வருவோம். நம் வீடுகளில் பாத்ரூம் தரை அறையைவிட ஓர் அங்குலமாவது தாழ்ந்திருக்கும். இரண்டு பக்கமும் ஒரே நிற டைல்ஸ் என்றால் அந்த இறக்கம் வயதான கண்ணுக்குத் தெரியாது. விளிம்பில் பளிச்சென்று மஞ்சள் டேப் ஒட்டுங்கள். மிதியடியின் ஓரம் சுருண்டிருந்தால் அதுவே காலைத் தடுக்கும், எடுத்துவிடுங்கள். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை, ஆள் நடந்தால் தானே எரியும் சென்சார் விளக்கை முழங்கால் உயரத்தில் வையுங்கள். நைட்டி தரையில் புரண்டால் கணுக்காலுக்கு மேலே ஏற்றித் தைத்துவிடுங்கள்.

கைப்பிடியில்தான் பெரும்பாலான வீடுகள் தவறு செய்கின்றன. டவல் தொங்கும் கம்பி மனித எடையைத் தாங்காது. தடுமாறுகிற கை முதலில் அதைத்தான் பிடிக்கும். வாசல் பக்கச் சுவரில் ஒன்றும் கழிப்பறை பக்கம் ஒன்றுமாக, 32 முதல் 38 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடி போடுங்கள். சுவருக்கும் கம்பிக்கும் இடையே ஒன்றரை அங்குலம் போதும். அதிகம் விட்டால் முழங்கை உள்ளே நுழைந்து மாட்டிக்கொள்ளும். உயரத்துக்கு அளவுகோல் உங்கள் மாமியார்தான்: பிடித்து நிற்கும்போது முழங்கை லேசாக மடங்க வேண்டும். பிளம்பர் டைல்ஸையும் பூச்சையும் மட்டும் துளைத்து பிளாஸ்டிக் பிளக் அடித்துவிட்டுப் போவார், அதை விடாதீர்கள். ஆங்கர் போல்ட் செங்கல் வரை இறங்க வேண்டும். தட்டினால் டொக் டொக்கென்று வெற்றாகக் கேட்கும் டைல்ஸில் துளை போடக் கூடாது. மாட்டியதும் வீட்டிலேயே கனமானவர் தொங்கிப் பார்க்கட்டும், பிறகு மாமியார் பிடிக்கட்டும். உறிஞ்சி ஒட்டும் வகை கைப்பிடி வேண்டவே வேண்டாம்.

கேள்வி: மாடி வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கிறோம். சாரம் கட்டுபவர் "இருபது வருஷமா இப்படித்தான் கட்டுறேன்" என்கிறார். வீட்டுக்காரனாக நான் எதைப் பார்க்க வேண்டும்? - வாசகர், மதுரை

பதில்: சவுக்குக் கம்பின் அடியைப் பாருங்கள். வெறும் மண்ணில் ஊன்றியிருந்தால் ஒரு மழைக்குப் புதையும், சாரம் சாயும். அடியில் தடித்த பலகை வையுங்கள். நனைந்த தேங்காய்நார்க் கயிறு காயும்போது தளரும் என்பதால், மழை பெய்த மறுநாள் ஒவ்வொரு முடிச்சையும் இறுக்கிய பிறகே ஆள் ஏற வேண்டும். நிற்கும் பலகை ஒற்றையாக இருக்கக் கூடாது. பலகையின் முனை தாங்குகம்புக்கு வெளியே நீட்டியிருப்பது அரை அடிக்குக் குறைந்தால் நழுவும், ஓர் அடிக்கு மிஞ்சினால் நுனியில் மிதித்ததும் கவிழும். இரண்டு முனையையும் கட்டுங்கள். மழைநீர்க் குழாயில் சாரத்தைக் கட்ட விடாதீர்கள். பழைய சன்ஷேடில் இறங்கி நின்று அடிக்கவும் விடாதீர்கள், உள்ளே கம்பி துருப்பிடித்திருப்பது வெளியே தெரியாது.

பெல்ட் என்றால் தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் பெல்ட். இடுப்பு பெல்ட்டோடு விழுந்தால் அதுவே வயிற்றையும் முதுகெலும்பையும் நசுக்கும். கொக்கியைச் சாரத்தில் மாட்டக் கூடாது, சாரம் சரிந்தால் ஆளும் போய்விடுவார். மொட்டைமாடித் தூண் மாதிரி உறுதியான இடத்தில், தலைக்கு மேலே மாட்டச் சொல்லுங்கள். சாய்வு ஏணிக்கு நாலுக்கு ஒன்று கணக்கு: 12 அடி உயரத்தில் சாய்த்தால் அடி சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்க வேண்டும்.

கேள்வி: முதியோர் இல்லத்தில் பணிபுரிகிறேன். ஞாபக மறதி உள்ளவர் இரவில் இறங்கிவிடக் கூடாது என்று கட்டிலின் இரு பக்கமும் கம்பியை உயர்த்திவிடுகிறோம். சரிதானா? - வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இவருக்குச் சரியில்லை. கம்பியைத் தாண்ட முயல்வார், இன்னும் உயரத்திலிருந்து விழுவார். கம்பிக்கும் மெத்தைக்கும் நடுவே கழுத்து சிக்கும் ஆபத்தும் உண்டு. கட்டிலைத் தரையோடு தாழ்த்தி, பக்கத்தில் மெத்தை போடுங்கள். ஆள் எழுந்து நிற்கும்போது மெத்தையை விலக்கிவிடுங்கள், காலைத் தடுக்கும். எதற்காக எழுகிறார் என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். தினமும் இரண்டு மணிக்குச் சிறுநீருக்கு எழுகிறார் என்றால், ஒன்றே முக்காலுக்கே நீங்கள் அழைத்துப் போய்விடலாம்.

விழுந்துவிட்டால் அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கக்கூடும். அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசினாலும் அன்றே மருத்துவமனைக்கு. அடி எதுவும் இல்லை, அவரே எழ முடியும் என்றால் ஒருக்களித்துத் திருப்பி, முட்டிபோட வைத்து, முன்னால் ஒரு நாற்காலியைப் போடுங்கள். அதைப் பிடித்து அவரே எழட்டும். பின்னால் இன்னொரு நாற்காலி தயாராக இருக்கட்டும்.