மூத்த ஆசிரியர்கள் கூடும்போது – கடிதம்

அன்புள்ள சார்,

ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் 22 வருடமாகப் பட்டதாரி ஆசிரியை. புதிதாக வருகிறவர்கள் என்னிடம் சந்தேகம் கேட்கிறார்கள். நான் யாரிடம் கேட்பது? பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களுக்காக நடக்கும் குறுவள மையக் கூட்டம் போட்டோ எடுப்பதோடு முடிகிறது. பக்கத்து ஊர்களில் என் வயதொத்த ஆறேழு பேர் மாதம் ஒருமுறை கூடலாம் என்றிருக்கிறோம். வாட்ஸாப் குழுவில் காலை வணக்கம்தான் வருகிறது. எப்படி நடத்துவது?

பெயர் வேண்டாம்

அன்புள்ள டீச்சருக்கு,

காலை வணக்கம் வரட்டும். நாளும் இடமும் சொல்ல அந்தக் குழு போதும், பேச்சு நேரில்தான்.

பணி ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து ஸ்டாஃப் ரூமில் வேறு பேச்சில்லை. கவலை நியாயமானது. ஆனால் வழக்கைச் சங்கம் பார்க்கட்டும். சேர்ந்து படிப்பதென்றால் அதற்கு வேறு நாள் வையுங்கள். இல்லாவிட்டால் அதுவும், பள்ளி விவரங்களை ஏற்றுகிற எமிஸ் இணையதளமும், ஓய்வூதியமுமே பொழுதைத் தின்றுவிடும். புலம்ப டீ நேரம் இருக்கிறது.

1950களில் லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கில் மைக்கேல் பாலிண்ட் பொது மருத்துவர்களைக் கூட்டிவைத்து ஒரு முறையை உருவாக்கினார். ஒருவர் தன்னைக் குடைகிற ஒரு நோயாளியைப் பற்றிக் குறிப்பு பார்க்காமல் சொல்வார். மற்றவர்கள் சில கேள்விகள் கேட்பார்கள். பிறகு, இன்றைய குழுக்களில், சொன்னவர் பேசாமல் இருக்க, மற்றவர்கள் தங்களுக்குள் பேசுவார்கள். பின்னாளில் ஆசிரியர்களும் இதை எடுத்துக்கொண்டார்கள்.

உங்கள் கூட்டத்தில் ஒருவர் இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள்: ஏழாம் வகுப்பில் ஒரு பையன். பேர் சொன்னால் எழுந்து நிற்பான், வாயே திறக்கமாட்டான். இதைச் சொல்லி முடிக்குமுன் "அவங்க அப்பாவ வரச் சொல்லுங்க டீச்சர்" என்பார் ஒருவர். "எங்க ஸ்கூல்லயும் இப்படித்தான் ஒருத்தன்..." என்று தொடங்குவார் இன்னொருவர். இருபது வருட சர்வீஸ் உள்ளவர்களுக்குக் கேள்விக்கு முன்னே பதில் வந்துவிடும் (எழுத்தாளர்களும் அப்படித்தான்). இந்த இரண்டையும் தடுத்தாலே பாதி வேலை முடிந்தது. எப்போதிலிருந்து? கணக்கு வகுப்பிலும் அப்படியா? அவனைப் பார்த்தால் உங்களுக்கு என்ன வருகிறது, கோபமா பயமா? இப்படிக் கேட்கட்டும். கடைசிக் கேள்விதான் முக்கியம். அதை எந்தப் பயிற்சியிலும் உங்களிடம் கேட்டிருக்கமாட்டார்கள்.

தலைவர், பொருளாளர், போட்டோ எதுவும் வேண்டாம். பிள்ளையின் பெயர் சொல்லாதீர்கள். ஒரே பள்ளியின் தலைமையாசிரியரும் ஆசிரியரும் ஒரே குழுவில் வேண்டாம். ஆசிரியர் வாய் திறக்கமாட்டார். பள்ளிக் கட்டடத்தைவிட யாராவது ஒருவர் வீடு நல்லது. பத்துப் பேரைத் தாண்டினால் ஒருவர் சொற்பொழிவு ஆற்றத் தொடங்கிவிடுவார்.

முதல் கூட்டத்தில் நீங்களே ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசுங்கள். தனக்குத் தெரியவில்லை என்று முதலில் சொல்ல மற்ற யாரும் முன்வரமாட்டார்கள்.